தெரியாது என்னும் சொல்

மனிதன் தன் பிழைகளுக்குத் தேடிக்கொள்ளும் புகலிடங்களுள் மிகப் பழமையானது ‘எனக்குத் தெரியாது’ என்னும் சொல். சட்டம் தெரியாது என்று கூறி எவரும் நீதிமன்றத்தில் தப்பிவிட இயலாது. ஆனால் மனச்சான்றின் மன்றத்திலோ இச்சொல்லுக்கு நாம் எளிதில் விடுதலை அளித்துவிடுகிறோம். தெரியாமல் செய்தது குற்றமாகுமா? இக்கேள்வியை நூல்களில் மட்டும் வைத்து ஆராய்ந்தால் அது சொல்லாடலாக நின்றுவிடக் கூடும். ஆதலின், நம் ஊர்த் தெருக்களில் நாள்தோறும் நடைபெறும் எளிய தொழில் ஒன்றில் வைத்து அதனை எண்ணிப் பார்ப்போம்.

பழைய வாகனம் ஒன்றை விலைக்கு வாங்குகிறோம். வாங்கிய சில நாள்களிலேயே அதில் ஏதேனும் சேர்க்க வேண்டும் என்ற ஆசை எழுகிறது. பனிமூட்டத்திற்குக் கூடுதல் விளக்கு, உரத்து ஒலிக்கும் ஹாரன், பாட்டுப்பெட்டி, பின்புறம் காட்டும் கேமரா என்று ஏதோ ஒன்று. ஸ்டியரிங்கிற்குக் கீழேயுள்ள மூடியைக் கழற்றினால் கற்றை கற்றையாய் ஒயர்கள். அவற்றுள் பல, தொழிற்சாலையிலேயே ஒழுங்காகப் போடப்பட்டவை. சில, நமக்கு முன் அவ்வாகனத்தை வைத்திருந்த முகமறியா மனிதர்கள் சேர்த்தவை. முனையில் டேப் சுற்றப்பட்டு எங்கும் சேராமல் ஓர் ஒயர் தொங்குகிறது. அது எங்கிருந்து வருகிறது? அதில் மின்சாரம் ஓடுகிறதா? அதைப் போட்டவர் யார், எதற்காகப் போட்டார்? சொல்வதற்கு ஆளில்லை.

நிறத்தைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். நிறம் ஒரு மொழிதான்; ஆனால் எல்லா வண்டிகளும் ஒரே மொழியைப் பேசுவதில்லை. ஹோண்டா இருசக்கர வாகனங்களில் பொதுவாகப் பச்சை நிறம் எர்த். கறுப்போ சாவி போட்டதும் மின்சாரம் பாயும் ஒயர். யமஹா வாகனங்களில் அதே கறுப்பு பொதுவாக எர்த். ஜெர்மானியக் கார்களில் எர்த்துக்குப் பழுப்பு நிறம். பின்னால் சேர்த்தவர்களோ கடையில் அன்று கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள். ஒரு வண்டியில் கற்றதை இன்னொரு வண்டியின் மேல் அப்படியே ஏற்றிப் பார்ப்பவர், தாம் அறிந்ததாலேயே ஏமாறுகிறார்.

ஆனால் இந்த அறியாமை நீக்க முடியாத அறியாமை அன்று. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். அதன் கறுப்பு முனையை வண்டியின் சுத்தமான உலோகப் பகுதியிலும், சிவப்பு முனையை ஐயத்திற்குரிய ஒயரிலும் வைத்துப் பார்த்தால், சாவி போடாத நிலையிலேயே ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டலாம். அப்படியானால் அது எப்போதும் பேட்டரியோடு தொடர்புடைய ஒயர். சாவியைத் திருப்பிய பின் மட்டும் காட்டினால் அது சாவிக்குக் கட்டுப்பட்டது. விளக்கைப் போடும்போது மட்டும் காட்டினால் அது விளக்கின் வழி வருவது. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது அந்த வோல்ட் மறைகிறது என்று கண்டால், அதன் ஊற்றுக்கண்ணும் தெரிந்துவிடும். எதுவும் காட்டாவிட்டால் அது பயனற்றது என்று முடிவு கட்டிவிடலாகாது. அது எர்த்தாகவோ வேறொரு கருவியின் செய்தியைச் சுமப்பதாகவோ இருக்கலாம். மஞ்சள் உறையிட்ட ஒயர்களைத் தொடவே கூடாது. அவை பெரும்பாலும் ஏர்பேக்கிற்கு உரியவை. புதிய வண்டிகளின் கணினி ஒயர்களில் பழைய டெஸ்ட் லேம்பைக் குத்திப் பார்ப்பதும் தகாது. அந்தச் சிறு பல்பு இழுக்கும் மின்சாரமே அவற்றைக் கெடுத்துவிடக் கூடும்.

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் அறியாமையை ஒரே தராசில் நிறுக்கவில்லை. எவ்வளவு முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை குற்றமாகாது. அறிந்திருக்க வேண்டியதை, அறிய வழியிருந்தும், கவலையின்மையால் அறியாதிருப்பது குற்றம். இவற்றோடு மூன்றாவதாக ஒன்றும் உண்டு: அறிந்தால் கை கட்டப்படுமே என்று அஞ்சி, வேண்டுமென்றே அறியாமல் இருந்துவிடுவது. தொழிற்சாலையிலேயே உறைக்குள் முறிந்துவிட்ட ஒயர் முதல் வகை. மல்டிமீட்டர் கையிலிருக்க, கண்ணால் பார்த்த நிறத்தை நம்பி ஒயரை வெட்டுவது இரண்டாம் வகை. “விவரமெல்லாம் வேண்டாம், விளக்கு எரிந்தால் போதும்” என்று சொல்லும் உரிமையாளரின் நிலை மூன்றாம் வகை. மூவருமே ‘எனக்குத் தெரியாது’ என்றுதான் சொல்வார்கள். சொல் ஒன்றாயினும் பொறுப்பு ஒன்றன்று.

இதில் யாருக்கு என்ன கேடு என்று வினவலாம். 55 வாட் விளக்குகள் இரண்டு சேர்த்தால் 110 வாட். 12 வோல்ட்டில் அவை ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். ஒரு சிறு பல்புக்கென்று போடப்பட்ட மெல்லிய ஒயரில் இந்தப் பாரத்தை ஏற்றினால் அது சூடேறும். மின்சாரம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும் என்னும் விதியை ஜேம்ஸ் ஜூல் 1841இல் வெளியிட்டார். அந்த விதிக்கு இரக்கம் கிடையாது. உறை உருகி ஒயர் வண்டியின் உடலைத் தொட்டால், பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே நொடியில் கொட்டிவிடும். அப்போது பின்னிருக்கையில் உறங்கிக்கொண்டிருக்கும் குழந்தை, அந்த ஒயரை இணைத்தவரை ஒருநாளும் பார்த்திருக்காது.

இதைத் தடுப்பதற்கே ஃபியூஸ் இருக்கிறது. அது விளக்கைக் காப்பதற்கு என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது முதலில் காப்பது ஒயரை. எனவே ஒயர் தாங்கக்கூடிய அளவுக்கு மேற்படாத ஃபியூஸை, பேட்டரிக்கு எவ்வளவு அருகில் இயலுமோ அவ்வளவு அருகில் வைக்க வேண்டும். ஏனெனில் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட ஒயருக்குக் காவல் இல்லை. மிகுந்த பாரத்தைச் சுவிட்சின் வழியே செலுத்தாமல், ரிலே ஒன்றை வைத்து அதன் வழியே செலுத்த வேண்டும். ‘நம் வேலையிலும் பிழை நேரலாம்’ என்று முன்னதாகவே ஒப்புக்கொள்ளும் பணிவு ஃபியூஸ் வைப்பவரிடம் இருக்கிறது. 10 ஆம்பியருக்குரிய சிவப்பு ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்பதற்காக 30 ஆம்பியரின் பச்சை ஃபியூஸையோ செப்பு இழையையோ செருகுகிறவர், உண்மை சொல்லும் வாயைக் கட்டிவிடுகிறார்.

குற்றத்தை முழுவதும் தொழிலாளியின் தலையில் ஏற்றுவது நீதியாகாது. சாலையோரத்தில் வெயிலில் குனிந்து நிற்கும் எலக்ட்ரீஷியனிடம் கூலியைப் பாதியாகக் குறைத்துப் பேசி, “அரைமணியில் முடியுங்கள்” என்று அவசரப்படுத்துபவர் யார்? ஃபியூஸுக்கும் ரிலேக்கும் ஆகும் சிறு தொகையை வீண்செலவு என்று நீக்கச் சொல்பவர் யார்? கை அவருடையது, ஆனால் அவசரம் நம்முடையது. கேட்டு வாங்கிய குறைபாட்டில் கேட்டவருக்கும் பங்குண்டு.

எல்லாவற்றையும் அறிந்த பின்னரே கை வைக்க வேண்டுமெனில் உலகில் எந்த வேலையும் நடவாதே என்பதும் நேர்மையான மறுப்பே. வண்டி முழுவதையும் அறிந்திருக்க எவரையும் அறம் கட்டாயப்படுத்தவில்லை. நாம் தொடப்போகும் அந்த ஓர் ஒயரை அறிந்திருந்தால் போதும். அதையும் அறிய இயலாவிட்டால் தொடாது விடும் துணிவு இருந்தால் போதும். விவேகம் என்பது இவ்வளவே. வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, முடிந்த பின் அதனைக் கடைசியில் மாட்டுவதும் அவ்விவேகத்தின் பழக்கமே. பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனர் வண்டியின் உடலில் பட்டுவிட்டால் தீப்பொறி பறக்கும்.

எஞ்சியிருப்பது நமக்குப் பின் வருவோருக்கான கடமை. சாவிக்குக் கட்டுப்படாமல் நேரே பேட்டரியில் சேர்த்த ஒரு கருவி ஓயாமல் 1 ஆம்பியர் இழுத்தால், 35 ஆம்பியர்-மணிப் பேட்டரி ஏறத்தாழ ஒன்றரை நாளில் வற்றிவிடும். வலியெடுத்த பெண்ணை நள்ளிரவில் மருத்துவமனைக்கு ஏற்றிச்செல்லச் சாவியைத் திருப்பும்போது வண்டி ஊமையாய் நிற்கும். காரணத்தைத் தேடி மூடியைக் கழற்றுபவருக்கு நாம் விட்டுச்செல்வது என்ன? சேர்த்த ஒயரில் ‘முன்விளக்கு, பேட்டரியிலிருந்து, 15 ஆம்பியர்’ என்று எழுதிய சிறு துண்டைக் கட்டலாம். இணைத்த விதத்தை ஒரு தாளில் வரைந்து வண்டியின் புத்தகத்தோடு வைக்கலாம். பயன் முடிந்த ஒயரைத் தொங்கவிடாமல் அதன் ஊற்றிலிருந்தே அகற்றலாம். இவற்றை எவரும் காணப்போவதில்லை, பாராட்டப்போவதும் இல்லை. பிறரன்பு என்று நாம் பெரிதாகப் பேசுவதன் ஒரு பகுதி, முகமறியா ஒருவருக்காக எழுதிக் கட்டிய அந்தத் துண்டுச் சீட்டில் இருக்கிறது.

நம் வீட்டிலும் அலுவலகத்திலும் உறவுகளிலும் இப்படி முனை தெரியாத ஒயர்கள் தொங்குகின்றன. முன்னோர் எதற்காகச் செய்தார் என்று வினவாமல் வெட்டுகிறோம். எதற்காகச் செய்தோம் என்று எழுதாமல் விட்டுச் செல்கிறோம். ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லும் முன்னே, தெரிந்துகொள்ள எவ்வளவு முயன்றோம் என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். அக்கேள்விக்கு நேர்மையாக விடை கூற முடிந்தால், அச்சொல்லை நாம் தலைநிமிர்ந்தே சொல்லலாம்.