எண்ணப்பட்ட பாம்புகள்

பிரேசில் நாட்டின் மேற்கே பந்தனால் என்னும் பெருஞ் சதுப்புநிலம் உள்ளது. வெப்பமண்டல ஈரநிலங்களுள் உலகிலேயே பெரியது அதுவே. பராகுவே ஆறு ஆண்டுதோறும் கரை கடந்து பரவும்போது அந்நிலம் பல மாதங்கள் நீரில் கிடக்கும். சிறுத்தையைவிடப் பருத்த ஜாகுவார், இராட்சத நீர்நாய், கெய்மன் முதலை, கொறிவிலங்குகளில் மிகப் பெரியதான கேப்பிபரா முதலிய ஜீவன்கள் அங்கு வாழ்கின்றன.

2020ஆம் ஆண்டின் கடும் வறட்சியில் அச்சதுப்புநிலத்தின் நான்கில் ஒரு பங்குக்கு மேல் எரிந்தது. தீ பெரும்பாலும் மனிதர் கையால் மூண்டதே; மேய்ச்சலுக்காகக் காய்ந்த புல்லைக் கொளுத்தும் வழக்கம் அங்கு உண்டு. பாதம் வெந்த ஜாகுவாருக்கு மருத்துவர் கட்டுப் போடும் படத்தைக் கண்டு உலகமே உருகிற்று. ஆய்வாளர்களோ சாம்பலில் நடந்து சடலங்களை எண்ணினார்கள். 2021இல் வெளியான அவர்கள் கணக்கின்படி, தீயில் மாண்ட முதுகெலும்புள்ள உயிர்கள் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம். அவற்றுள் மிகுதியானவை சிறு பாம்புகள். அவற்றுக்காக உருகியவர் எத்தனை பேர்?

புல்லைக் கொளுத்தியவன் பாம்பைக் கொல்ல எண்ணவில்லை. அவனுக்கு இம்சை உண்டா? தத்வார்த்த சூத்திரம் இம்சையை வரையறுக்கும்போது அசட்டையோடு கூடிய செயலையே முதலில் சுட்டுகிறது. காற்று எப்பக்கம் வீசுகிறது, புல் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பாராமல் நெருப்பிட்டவன், "நான் எண்ணவில்லை" என்று கூறித் தப்ப இயலாது. ஜாகுவாரும் கேப்பிபராவைக் கொல்கிறதே எனச் சிலர் வாதிடுவர். அதற்கு வேறு உணவில்லை. அவனுக்கோ வேறு வழி இருந்தது.

பிறரைப் பற்றி இவ்வளவு எழுதுவது எளிது. நாம் ஆசிரியப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு மழைநாளில் வகுப்பறைக்குள் தண்ணீர்ப் பாம்பு ஒன்று நுழைந்தது. நஞ்சற்றது என்று நமக்குத் தெரியும். அதை முந்தின வாரந்தான் பாடமாக நடத்தியிருந்தோம். குழந்தைகள் அலறினர். காவலாளி தடியுடன் ஓடி வந்தார். நாம் அடிக்கச் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று வகையாலும் வினை சேரும் என்பதைச் சிறுவயதிலேயே கற்றிருந்தும் சுவரோரம் ஒதுங்கி நின்றோம்.

அடித்து முடித்தபின் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி, "டீச்சர், இது கடிக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று கேட்டாள்.

புத்தகத்தைத் திறக்கச் சொன்னோம்.