சும்மா உட்கார ஓர் இடம்

சூலக்கரையில் பேருந்துக்காக நிற்கும் பெண்ணை யாரும் எதுவும் கேட்பதில்லை. பேருந்து வந்து போன பிறகும் அவள் அங்கேயே நின்றால், "யாருக்காகம்மா நிக்கிறே?" என்று கேட்டுவிடுவார்கள். பக்கத்து வேப்பமரத்தடியில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் ஆண்களிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. மந்தை, டீக்கடை பெஞ்சு, கண்மாய்க்கரை என்று ஊரில் அவர்கள் சும்மா இருக்க எத்தனையோ இடங்கள். நமக்கு நிழலும் காரணம் சொன்னால்தான் கிடைக்கிறது.

சாலை நமக்கு நிறையத் தந்திருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் நாம் காசு கொடுக்காமல் போகிறோம். ஆனால் இவையெல்லாம் போவதற்கான உரிமைகள். படிக்க, வேலை பார்க்க, ஆஸ்பத்திரிக்கு, தீப்பெட்டி ஆபீசுக்கு, பட்டாசு ஆபீசுக்கு. இருட்டோடு வேனேறி இருட்டியபின் இறங்கும் பெண்ணுக்கு, சாலை என்பது இரண்டு வேலைகளுக்கு நடுவிலுள்ள தூரம் மட்டுமே.

போகும் உரிமை கிடைத்தவளுக்கு, இருக்கும் உரிமை வேண்டாமா? மும்பைப் பெண்களை முன்வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' நூல் இதைத்தான் கேட்டது. பாதுகாப்பு என்ற பெயரில் நம்மை வீட்டுக்குள் அனுப்புவதைவிட, வேலையின்றிச் சுற்றும் உரிமையே நகரத்தை நமதாக்கும் என்றது.

இதைச் செய்து பார்க்கக் கல்லூரி வளாகம் நல்ல இடம். சியோலின் யோன்சே பல்கலைக்கழகத்தில், வாசலிலிருந்து உள்ளே போகும் பெருஞ்சாலையில் ஓடிய வாகனங்களை நிலத்துக்கடியில் அனுப்பிவிட்டு, மேலே மரங்களும் நடைபாதையும் அமைத்து 2015இல் திறந்தார்கள். நம் கரிசல் மண்ணுக்கு அவ்வளவு செலவு வேண்டாம். ஒரு தார்ச்சாலையைப் பெயர்த்து, வேம்பும் புங்கையும் வாகையும் வைத்து, மழைநீர் இறங்க மண்ணை விட்டு, நாலு கல்பெஞ்சு போட்டால் போதும். சக்கர நாற்காலிக்கும் ஆம்புலன்சுக்கும் ஒரு தடம் மட்டும் இருக்கட்டும்.

மரம் வைப்பது சுலபம். நான் படித்த கல்லூரியிலும் மரங்கள் இருந்தன. அவற்றின் அடியில், "கூட்டமாக நிற்கக் கூடாது" என்ற பலகையும் இருந்தது. இடைவேளை முடிந்ததும் விசில் ஊதுவார்கள். மாணவிகள் உட்காரத் தடைசெய்யப்பட்ட சோலை, புகைப்படத்துக்கு மட்டுமே உதவும். "ஏதாவது நடந்துவிட்டால்?" என்று பெற்றோர் அஞ்சுவதில் பொய்யில்லை. ஆனால் வெறிச்சோடிய பாதையைவிட, பத்துப் பெண்கள் உட்கார்ந்து பேசும் பாதையில்தான் பதினோராவது பெண் பயமின்றி நடப்பாள்.

இன்னொருத்தியையும் நினைக்க வேண்டும். அந்த மரங்களின் சருகை விடியற்காலையில் கூட்டிப் பெருக்குகிற அக்கா. வேலை முடிந்ததும் துடைப்பத்தைச் சாத்திவிட்டு, மாணவிகளுக்குப் பக்கத்து பெஞ்சில் அவர் கால்நீட்டி உட்கார முடியுமா? உட்கார்ந்தால் மேற்பார்வையாளர் என்ன சொல்வார்? நாம் கேட்கிற நிழல் அவருக்கும் இல்லையென்றால், மந்தையில் ஆண்கள் செய்ததையே நாமும் செய்கிறோம்.

காரணம் கேட்காமல் ஒருவரை இருக்க விடுவது மரியாதையின் முதல் படி. அதைக் கற்றுத்தர ஒரு கல்லூரிக்குப் பாடத்திட்டம் தேவையில்லை. ஒரு சாலையை விட்டுக்கொடுத்தால் போதும்.