பாரதக்கூத்தும் அம்மன் வருகையும்

வட தமிழகத்தின் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா பல நாள் நடக்கும். பிற்பகலில் பாரதப் பிரசங்கம். இரவில் விடிய விடியக் கூத்து. 1988 முதல் 1990 வரை பி. ஆர். சோப்ராவின் மகாபாரதத் தொடர் தூர்தர்ஷனில் ஓடியது. கண்ணனையும் கர்ணனையும் வீட்டுக்குள்ளேயே பார்த்துவிட்ட ஊர்கள், அதன் பிறகும் கூத்து வாத்தியாருக்கு வெற்றிலை பாக்கு வைத்துத் தேதி வாங்கின. கதைக்காகத்தான் கூத்து என்றால் இந்தச் செலவு வீண்.

காஷ்மீரத்து அபிநவகுப்தர் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நாடகச் சுவைக்கு ஒரு விளக்கம் தந்தார். அரங்கில் காணும் துயரம் இன்னாருடையது என்ற அடையாளம் கழன்று பொதுவாகிவிடுகிறது. அதனால்தான் அழுகையும் சுவையாகிறது. நுட்பமான விளக்கம். ஆனால் கூத்துக்களத்தில் அது பாதி தூரம்தான் வரும்.

துகிலுரிதல் இரவை எடுத்துக்கொள்ளலாம். பாஞ்சாலியாக நிற்பவர் ஊருக்குத் தெரிந்த ஆண் கலைஞர். அவர் முன் கற்பூரம் ஏற்றுகிறார்கள். துச்சாதன வேடக்காரர் சேலையில் கை வைக்குமுன் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதும் உண்டு. நடிப்பு என்று தெரியாதவர் அங்கே ஒருவரும் இல்லை, தெரிந்தேதான் கும்பிடுகிறார்கள். இதை அறியாமை என்று ஒதுக்குவது சோம்பேறித்தனம். அர்ச்சுனன் தபசில் நடிகர் உயரமான தபசு மரத்தின் உச்சிக்கு ஏறி எலுமிச்சம்பழமும் விபூதியும் வீச, பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்கிறார்கள். கடைசி நாள் படுகளத்தில் மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடக்க, வீமன் தொடையைப் பிளக்க, பாஞ்சாலி கூந்தல் முடிக்கிறாள். அதன் பிறகே தீமிதி. இத்தனைக்கும் நடுவே கோமாளியான கட்டியங்காரன் தன் கேலியில் அரசனையும் விட்டுவைப்பதில்லை, ஊர்ப் பெரியவர்களையும் விட்டுவைப்பதில்லை.

கூத்துப் பதிவுகள் இன்று யூடியூபில் மணிக்கணக்கில் கிடைக்கின்றன. பாட்டும் அடவும் கற்பவருக்கு அவை பெரிய உதவி. அம்மன் எங்கும் நிறைந்தவள் என்றால் கைப்பேசித் திரையில் மட்டும் இல்லாமல் போவாளா என்ற கேள்வி நியாயமானதே. கோயில் வழக்கத்திலேயே இதற்குப் பதில் இருக்கிறது. எங்கும் உள்ள தெய்வத்தைத்தான் ஒரு கும்பத்தில், குறித்த நேரத்தில், எழுந்தருளச் செய்கிறார்கள். சடங்கு முடிந்ததும் அனுப்பியும் வைக்கிறார்கள். கூத்தாடியின் உடலும் அப்படிப்பட்ட இடம்தான். அரிதாரம் பூசிக் கிரீடம் கட்டியதில் தொடங்கி, விடிந்து வேடம் கலைப்பதோடு அது முடிகிறது. பதிவுக்கு இந்தத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. எவரும் எந்த நேரத்திலும் நடுவில் நிறுத்தலாம். அதில் அம்மனின் உருவம் தெரியும், அழைப்பு நிகழாது. இரணியன் கூத்தில் நரசிம்ம வேடக்காரருக்கு ஆவேசம் வந்தால் நாலு பேர் பிடித்து அடக்க வேண்டியிருக்கும் என்பதும் ஆடும் உடல் அப்படிப்பட்ட இடமாவதால்தான். இறந்தவர் வீட்டுக் கருமாதியில் கர்ண மோட்சம் ஆடவைக்கும் வழக்கமும் இதே நம்பிக்கையில் நிற்கிறது: களத்தில் கர்ணனுக்குக் கிடைக்கும் கதி, ஆடும் அந்த இரவில், அந்த வீட்டு ஆவிக்கும் வழிவிட வேண்டும்.

நகர அரங்குகளுக்கும் கூத்து வந்திருக்கிறது. 1977-இல் ந. முத்துசாமி சென்னையில் தொடங்கிய கூத்துப்பட்டறை, கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கலையிலிருந்து நவீன நாடகத்துக்கு நிறைய எடுத்துக்கொண்டது. மின்விளக்கு மேடையில், இரண்டு மணி நேரச் சுருக்கத்தில், அடவும் பாட்டும் குறையாமல் வந்து சேரும். அங்கே அமர்ந்து பார்ப்பவருக்கு அபிநவகுப்தரின் விளக்கமே போதும். மடியேந்தி நிற்பவருக்கு அது போதாது.