இழுக்குமா, நிற்குமா?

ஒரு செயல் தீங்கு விளைத்த பின்னரே தீயதாகின்றதா? அன்றி, தீங்கு நேராமல் தப்பிய நாளிலும் அது தீயதாகவே இருந்ததா? வகுப்பறையில் இவ்வினாவை எழுப்பினால் மாணவர் பெரும்பாலும், “ஒருவருக்கும் ஒன்றும் நேரவில்லையே!” என்று முதல் விடையின் பக்கமே சாய்வர். ஏட்டில் வைத்து ஆராய்வதினும் கேமரன் மலைப் பாதையில் வைத்து இதனை ஆராய்வது எளிது என்பது என் துணிபு.

இம்மலையின் தேயிலைத் தோட்டங்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் இன்றும் உழைப்பதை இங்கு வந்தோர் கண்டிருப்பர். 1948 ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக உலகிற்குக் காட்டப்பட்ட வண்டி அது. போருக்குப் பின் இங்கிலாந்தில் எஃகு அரிதாக இருந்தமையால் அதன் உடலை அலுமினியக் கலவைத் தகட்டால் செய்தனர். மழையும் மூடுபனியும் ஓயாத நம் மலையில் அத்தகடு துருவேறாமல் நின்றது தற்செயலாக வாய்த்த நன்மை. (அடிச்சட்டம் எஃகு, அது துருவேறும் என்பதை வாங்கியவர் பின்னரே அறிவர்.) மஞ்சள் குமிழை அழுத்தினால் நான்கு சக்கரங்களும் இழுக்கும். சிவப்புக் கைப்பிடியைப் பின்னுக்குத் தள்ளினால் வண்டி யானைபோல் மெல்ல நடந்து சேற்றுச் சரிவிலும் ஏறிவிடும். அவ்வாறு ஏறுவதைக் கண்டவர்க்கு அதன் வலிமையில் ஐயமே எழாது. இடர் தொடங்குவதும் அங்கேதான்.

என்னிடம் பயின்ற ஒருவர், இப்போது பட்டறை ஒன்றில் பணிபுரிபவர், அத்தகைய பழைய வண்டியொன்றை வாங்கிச் செப்பனிட்டார். முதிய பெற்றோரை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்ல விருப்பம். இரவில் படுத்துறங்கச் சிறு வீட்டுவண்டி ஒன்றைக் கட்டி, லேண்ட் ரோவரின் பின்னால் பூட்டி இழுத்துச் செல்ல எண்ணினார். “ஐயா, எல்லாம் சேர்த்து ஒரு டன்தான் வரும். இழுத்துவிடும் அல்லவா?” என்றார். இழுத்துவிடும், அதில் ஐயமில்லை. “தாப்பாவுக்கு இறங்கும்போது நிறுத்திவிடுமா தம்பி?” என்று கேட்டேன். சிரித்தார். மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்றார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வளைவுக்கு வளைவாக 1,400 மீட்டர் இறங்க வேண்டும். ஒரு டன் பின்வண்டி அவ்வளவு உயரம் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், சாதாரண வெப்பத்தில் உள்ள 45 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். மெதுவாகப் போனாலும் ஆற்றலின் அளவு மாறாது. காற்றும் டயரும் ஒரு பங்கை ஏற்கும். சிறிய கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கை ஏற்கும். மிச்சமெல்லாம் பிரேக்கின் தலையில். பழைய வண்டியின் டிரம் பிரேக் சூடேறினால் டிரம் விரிந்து லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கும் பற்றும் தன்மையை இழக்கும். மிதித்த கால் கீழே போகும், வண்டி நிற்காது. ஏறும்போது பணிவாகப் பின்தொடர்ந்த அதே சுமை, இறங்கும்போது பின்னாலிருந்து தள்ளும். வளைவில் வண்டியின் பின்புறத்தைப் பக்கவாட்டில் உந்தும்.

ஓட்டுநர் பணயம் வைப்பது தம்முயிர் ஒன்றையே எனில் அவர் துணிவைப் பாராட்டிவிட்டுப் போகலாம். எதிரே பள்ளிச் சிறுவரை ஏற்றிய வேன் வரக்கூடும். வழியோரக் குடிலில் ஓராங் அஸ்லி மக்கள் தேனும் பெத்தாயும் விற்றுக்கொண்டிருப்பர். அவர்களுள் எவரும் இப்பணயத்திற்கு இசைவு தரவில்லை. 2010 டிசம்பரில் இம்மலையிலிருந்து இறங்கிய சுற்றுலாப் பேருந்து ஒன்று கவிழ்ந்து தாய்லாந்துப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டபோது நாடே சாலைப் பாதுகாப்பைப் பற்றிப் பேசிற்று. அதற்கு முந்திய நாள் பேசியவர் எத்தனை பேர்?

வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் மயிலிறகு ஏற்றிய வண்டியைக் காட்டுகிறார். அளவு மிகுந்தால் அதன் அச்சும் முறியும் என்கிறார். நாம் இதனைப் பெரும்பாலும் மிகையின் கேடாகவே கற்பிக்கிறோம். எனக்கோ வேறொன்று தோன்றுகிறது. முறித்த இறகு எது? கடைசி இறகின்மேல் பழிபோடுவது நேர்மையாகாது. அதற்கு முன் ஏற்றிய ஒவ்வோர் இறகுக்கும் அப்பழியில் பங்குண்டு. நூறுமுறை தீங்கின்றி இறங்கியவர் தம் செயல் சரியென்பதற்கு அந்நூறையும் சான்றாகக் காட்டுகிறார். அவை இறகுகளாகவும் இருக்கலாம். எடையும் பாராமல், பிரேக்கும் பாராமல் தானா ராத்தாவில் அவர் வண்டியைக் கிளப்பிய கணத்திலேயே பிழை முடிந்துவிட்டது. தாப்பாவில் நலமாகச் சேர்ந்தமை அதனைத் திருத்தவில்லை.

அப்படியானால் எவரும் எங்கும் புறப்படவே முடியாதே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. இடரில்லாத பயணம் இல்லை. ஆயினும் எடைபோட்டுப் பார்த்த இடரும் பாராமல் விட்ட இடரும் ஒன்றல்ல, விளைவு ஒன்றாகவே இருப்பினும். எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று இளையோர்க்குச் சொல்லித்தந்த முதிய தோட்டத்து ஓட்டுநர்கள் இவ்வேறுபாட்டை அறிந்தவர்கள்.

அதே அதிகாரத்தில் எடைபோட வேண்டியவற்றுள் துணைவலியும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. பின்வண்டிக்கு இது நன்கு பொருந்தும். தனக்கென்று பிரேக் இல்லாத பின்வண்டி சுமை. பிரேக் உள்ளது துணை. முன்னே தள்ளும் உந்துதலே தன் பிரேக்கை அழுத்தும்படி அமைந்த கொக்கி உண்டு. தள்ளத் தள்ளத் தன்னைத்தானே தடுத்துக்கொள்ளும். இவ்வளவு பண்புள்ள ஏற்பாட்டை மனிதருள்ளும் நான் அதிகம் கண்டதில்லை.

அவ்விளைஞர் சில மாதங்கழித்து வந்தார். வீட்டுவண்டியை எடை மேடையில் நிறுத்திப் பார்த்தாராம். ஒரு டன் என்றது 1,200 கிலோவாக இருந்ததாம். பின்கோடியில் வைத்த தண்ணீர்த் தொட்டியை அச்சுக்கு மேலாக மாற்றிவிட்டார். பின்பாரம் மிகுந்தால் வண்டி வாலாட்டும் என்பதை அவரே எனக்கு விளக்கினார். கட்டில் ஒன்றைக் கழற்றிவிட்டார். பிரேக் கொக்கிக்குச் சொல்லியிருக்கிறார். இன்னும் வந்து சேரவில்லை. அவர் தாயார் மட்டும், “வண்டி எப்பதான் கெளம்பும்?” என்று நாள்தோறும் கேட்கிறாராம்.