குளிருக்கு முன் கோடை

மங்கோலியாவில் குளிர் மைனஸ் 40 டிகிரிவரை இறங்கும். மேய்ச்சல்காரர்கள் அதைவிட அஞ்சுவது, உருகி மறுபடி உறையும் பனிக்கு. அது புல்லுக்குப் பூட்டுப் போட்டுவிடும். மேய முடியாமல் கால்நடைகள் மடியும் இத்தகைய குளிர்காலப் பேரிடருக்கு 'சுட்' என்று பெயர்; 2009-10 குளிர்காலத்தில் அதில் 80 லட்சத்துக்கும் அதிகமான கால்நடைகள் மடிந்தன.

கோடையில் மழை பொய்த்தாலே ஆபத்து தொடங்கிவிடும். உடம்பில் கொழுப்புச் சேராத ஆடு குளிரைத் தாங்காது. அதனால் வெயில் இருக்கும்போதே புல் அறுத்துப் போர் போடுகிறார்கள். பட்டியில் காய்ந்த சாணத்தைப் பரப்பி, ஆடுகளுக்குப் படுக்கை அமைக்கிறார்கள். வலுவிழந்த கிழ ஆடுகளைக் குளிர் முற்றுமுன் அறுத்து, இறைச்சியை உறையவைப்பதும் உண்டு. கல்மனசு என்று சிலர் சொல்லலாம்; நான் சொல்லமாட்டேன். பிப்ரவரியில் புல்போர் தீர்ந்துபோனால், குட்டி ஈனப்போகும் ஆடுகளுக்கும் தீனி இருக்காது.