தொழில் செய்தவர் உஸ்தாதாகும்போது

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

நான் ஆலிமல்லன். மத்ரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் எழுதப் படித்ததும்தான் என் படிப்பு. தொழில், பினாங்கிலே சொங்கோக் தொப்பி தைத்து விற்பது. ஆகையால் இதில் பிழையிருந்தால் ஹஜ்ரத்மார்கள் திருத்தவேண்டும்.

ஞாயிறு காலைகளில் நம் பிள்ளைகள் சிலருக்குத் தொழில் சொல்லிக்கொடுக்கும்படி என்னைக் கேட்டார்கள். சரியென்று ஒப்புக்கொண்டேன். முதல் நாளே வெட்கப்பட்டுப்போனேன். ஒரு பையன் வெல்வெட்டை வெட்ட ஆரம்பித்தான். வெல்வெட்டிலே மயிர் ஒரு பக்கமாகச் சாயும். உள்ளங்கையால் தடவிப் பார்த்து, எல்லாத் துண்டுகளையும் ஒரே சாய்வில் வெட்டவேண்டும். மாற்றி வெட்டினால் வெளிச்சத்தில் ஒரு துண்டு கறுப்பாகவும் இன்னொன்று சாம்பல் பூத்தது போலவும் தெரியும். அவன் மாற்றித்தான் வைத்திருந்தான். "இங்கே கொடுடா" என்று பிடுங்கி நானே வெட்டினேன், நானே தைத்தேன், உள்ளே அட்டை வைத்து விறைப்பாக்கியதும் நானே. தொப்பி அழகாக வந்தது. பையன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு ஒன்றும் வரவில்லை.

வேலை செய்வது வேறு, வேலை கொடுப்பது வேறு என்பது முப்பது வருஷம் ஊசி பிடித்த எனக்கு அன்றுதான் விளங்கிற்று.

அன்றிரவு, எப்போதோ கேட்ட ஒரு ஹதீஸ் நினைவுக்கு வந்தது. அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவித்தது. ஒரு சிறுவன் ஆட்டுத் தோலை உரித்துக்கொண்டிருந்தான்; அவனுக்குச் சரியாக வரவில்லை. அந்த வழியே வந்த நாயகம் (ஸல்) அவர்கள், சற்று விலகு, காட்டித் தருகிறேன் என்று சொல்லி, தோலுக்கும் இறைச்சிக்கும் நடுவே அக்குள் மறையும் மட்டும் கையைச் செலுத்திக் காண்பித்து, இப்படி உரி என்று சொல்லிவிட்டுத் தொழுகைக்குப் போய்விட்டார்கள். ஹஜ்ரத்மார்கள் இதை ஒளுவின் பாடத்திலே சொல்லுவார்கள்; பச்சை இறைச்சியைத் தொட்டதற்காகப் பெருமானார் மறுபடி ஒளு செய்யவில்லை என்பதற்கு ஆதாரம். என் புத்தி போனது வேறிடத்தில். ஆட்டை முழுக்க அவர்களே உரித்துவிட்டுப் போகவில்லை. ஒரு தடவை காட்டினார்கள், பிறகு இடத்தை அவனுக்கே விட்டுவிட்டார்கள். திட்டவுமில்லை.

இதை நம் கல்லாவில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.

கையால் உழைத்தவன் பாடம் சொல்லும் இடத்துக்கு வருவது நம் தீனில் புதிதல்ல. நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபிலேயே கஃப்பால் என்று ஒரு பெரிய இமாம் உண்டு. கஃப்பால் என்றால் பூட்டுச் செய்பவர். ஊர் மர்வ், இப்போது துர்க்மெனிஸ்தானில் இருக்கிறது. வாலிபத்தையெல்லாம் பூட்டுப் பட்டறையிலே கழித்தவர். சாவியோடு சேர்த்து நான்கு தானிய எடையில் ஒரு பூட்டுச் செய்தாராம்! சுமார் முப்பது வயதில்தான் பிக்ஹு படிக்க உட்கார்ந்தார். ஹிஜ்ரி 417, அதாவது கி.பி. 1026ல், தொண்ணூறு வயதில் மௌத்தானார். அவரிடம் ஓதியவர் அபூ முஹம்மது ஜுவைனீ. அவருடைய மகன்தான் இமாமுல் ஹரமைன். இமாமுல் ஹரமைனிடம் ஓதியவர் இமாம் கஸ்ஸாலி. பூட்டுக்காரர் வைத்த திண்ணை எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள். முதுமையிலும் அவர் புறங்கையில் பட்டறைத் தழும்பு இருந்ததாம். கேட்டவருக்கு, வாலிபத்தில் செய்த வேலையின் அடையாளம் என்றாராம். மறைக்கவில்லை.

நிற்க. என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் தொழில் பழகிய கடையில், தலையளவு எடுத்து மேல்வட்டத்துக்கு அட்டை வெட்டும் நேரம் வந்தால் என்னைத் தேநீர் வாங்க அனுப்பிவிடுவார்கள். மூன்று வருஷம் தேநீர் வாங்கினேன். கடைசியில் குப்பையில் கிடந்த வெட்டுத் துண்டுகளைப் பொறுக்கி ஒட்டிப் பார்த்துத்தான் அளவைக் கண்டுபிடித்தேன். அந்த வருத்தம் எனக்கு இன்றுமுண்டு. ஆனால் பின்னாளில் என் கடைக்கு வந்த பையனையும் அதே நேரத்தில்தான் தேநீருக்கு அனுப்பினேன். எதிரே கடை போட்டுவிடுவான் என்று பயம். ரிஜ்கு அளப்பவன் அல்லாஹ் என்று ஐந்து வேளை தொழுதுகொண்டே, அட்டையை மட்டும் பூட்டி வைத்திருந்தேன்! அவன் ஒன்றும் பழகாமலே போய்விட்டான். இப்போது எங்கோ லாரி ஓட்டுகிறானாம்.

எந்த அமல் மேலானது என்று அபூதர் (ரலி) அவர்கள் வினவியபோது நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னவற்றில், தொழில் செய்பவனுக்கு உதவுவதும், கைத்திறன் இல்லாதவனுக்குச் செய்துகொடுப்பதும் இருக்கிறது. புகாரியில் வருகிறது. என் பெட்டியில் பூட்டியிருந்த அட்டைகளுக்கு நாளை என்னிடம் கேள்வி உண்டு என்று நான் பயப்படுகிறேன்.

இரண்டாம் ஞாயிறு அந்த அட்டைகளை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். என் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன், உள்ளபடியே கஷ்டம். ஒரு முறை காட்டினேன். பிறகு அவனே வெட்டினான். இரண்டு துண்டு பாழானது. வெல்வெட் விலை உங்களுக்குத் தெரியும். மூன்றாவது சரியாக வந்தது. தையல் சற்றுக் கோணல். போன ஜும்ஆவுக்கு அந்தத் தொப்பியைத்தான் அணிந்து போனேன். கோணலைக் கவனித்த ஒருவர், உங்கள் கைக்கு என்ன வந்தது என்று விசாரித்தார். பையன் பக்கத்தில்தான் நின்றான்.

வஸ்ஸலாம்.