முகம் ஒன்று, தனிமம் வேறு

ரஷ்ய உருக்காலைத் தாள்களை ஆங்கிலத்துக்குக் கொண்டுவருபவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தெரிந்த முகமுள்ள எழுத்துதான். பாலங்களுக்கும் குழாய்களுக்கும் போகும் ஓர் எஃகின் தரக்குறி 09 என்று தொடங்கும். கார்பன் சுமார் 0.09 சதவீதம் என்று பொருள். அதே குறியின் கடைசி எழுத்து ஆங்கில ‘சி’ மாதிரியே இருக்கும். அதையும் கார்பன் என்று எடுத்துக்கொண்டால் போச்சு! ரஷ்ய மொழியில் அது ‘எஸ்’, குறிப்பது சிலிக்கானை. துருப்பிடிக்காத எஃகின் குறியில் ‘ஹெச்’ போல நிற்பது ‘என்’, அதாவது நிக்கல். ஹைட்ரஜன் என்று எழுதிவிட்டால் உலோகவியலாளர் பதறிப்போவார். எஃகை உள்ளிருந்தே விரிசலிட வைக்கும் வாயு அது.

மொழிபெயர்ப்பாளர்களே, தரக்குறியை ரஷ்ய எழுத்திலேயே விட்டுவிடுங்கள். பக்கத்தில் தனிமங்களின் விகிதத்தை எழுதிவிடுங்கள்.